இதமான ஏற்றம்

ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கடலோர மலைகளையும் காட்டுப் பள்ளத்தாக்குகளையும் வருடக்கணக்கில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள் ரூட்டக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. சைக்கிள் சுற்றுலா வருகிறவர்களுக்கு எங்கே திரும்புவது, எங்கே ஏறுவது, எங்கே தங்குவது என்று வழிக்குறிப்பு எழுதுவது அவள் வேலை. கம்பெனியில் யாரோ ஒருநாள் விளையாட்டாக ரூட்டக்கா என்று கூப்பிட, அது பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரரே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் எழுத்தில் ஒரு மயக்கம் இருந்ததை மறுக்க முடியாது. 'கடலின் நீலத்தை இடப்பக்கம் துணைக்கு வைத்துக்கொண்டு, இதமான ஏற்றம் ஒன்றில் மெல்ல மேலேறினால், காடு தன் பச்சைக் கதவைத் திறந்து உங்களை உள்ளே அழைக்கும்' என்று எழுதுவாள். கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை வேறு வந்துகொண்டிருக்கும். படித்துப் பார்க்கும் முதலாளிக்கு அப்படியே கிளம்பிப் போய்விடலாமா என்றிருக்கும். ஆனால் போகமாட்டார். அவருக்கு மூட்டு வலி.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதைகளில் ரூட்டக்காவும் போனதில்லை. சுற்றுலாக்காரர்களின் பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேன்காரர் சொல்வதைக் கேட்டுத்தான் எழுதுவாள். வேன்காரர் பொய் சொல்கிற ஆள் இல்லை. உலகத்தை என்ஜினின் கண்ணால் பார்க்கிறவர், அவ்வளவுதான்.

"இந்த மேடு எப்படிண்ணே இருக்கும்?" என்று பேனாவும் கையுமாகக் கேட்பாள்.

"மேடா? அங்க ஏது மேடு? ஓ, அதுவா... மூணாவது கியர்லயே ஏறிடும்மா."

'இதமான ஏற்றம்' என்று எழுதுவாள்.

"அதுக்கு அப்புறம் வர்றது?"

"அது கொஞ்சம் இருக்கும். ரெண்டாவது போடணும்."

'சற்றே சவாலான, ஆனால் ரசிக்கத்தக்க ஏற்றம்' என்று எழுதுவாள்.

அடையாளங்களும் வேன்காரரின் கைங்கரியம்தான். மாடு நிற்கும் இடத்தில் வலப்பக்கம், சிவப்பு லாரி நிற்கும் இடத்தில் இடப்பக்கம், பெரிய மரத்தைத் தாண்டியதும் நேராக. நடுக்காட்டில் பெரிய மரம் என்றால் எந்த மரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ரூட்டக்காவுக்கும் தோன்றவில்லை.

குறை சொல்லி வருகிறவர்களை முதலாளி ஆரம்பத்தில், "அவங்களுக்கு உடம்புல தெம்பு இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு ஒருநாள் பளு தூக்கும் வீரர் ஒருவர் வந்தார். கதவளவு தோள். சைக்கிளைத் தோளில் தூக்கியபடியே மாடிப்படி ஏறி வந்து, அதை அப்படியே ரூட்டக்காவின் மேசைமேல் கிடத்தினார். முன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதம்னா என்னம்மா?" என்று கேட்டார்.

அவருடைய தொடைகள் இரண்டும் தனித்தனியாக நடுங்குவதை அவள் பார்த்தாள். மனிதர் தரையில் உட்கார்ந்து, ஜாடித் தண்ணீர் முழுவதையும் குடித்தார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி சொன்னார்: "அடுத்த குழுவோட நீங்களும் போறீங்க. யாருன்னு சொல்லிக்க வேண்டாம். கஸ்டமர் மாதிரி போய்ப் பாத்துட்டு வாங்க."

"நானா?"

"ஏன், சைக்கிள் ஓட்டத் தெரியாதா?"

அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ரோஷம் முந்திக்கொண்டது. "ஏன் தெரியாம? ஸ்கூல் படிக்கும்போதே ஓட்டினவதான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்து, அந்த இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி கட்டி, அதுவும் இப்போது பழசாகிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி அவர் காது சிவந்துபோனது, அவ்வளவுதான். மாடிப் போர்ஷனில் குடியிருந்த நாத்தனார்தான் துள்ளிக் குதித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

"அண்ணி, நானும் வர்றேன். ஸ்கூல் லீவுதான். உங்களை ரெடி பண்றது என் பொறுப்பு."

"ரெடி பண்ண நான் என்ன குதிரையா?"

"நாளைக்கே ஆரம்பிக்கிறோம்" என்று நாத்தனார் விசிலை ஊதினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்தப்பட்டது.

பயிற்சியில் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. ரூட்டக்காவுக்கு ஏறத் தெரிந்தது. ஓட்டத் தெரிந்தது. இறங்கத்தான் தெரியவில்லை. பள்ளி நாட்களில் எப்படி இறங்கினோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தெருமுனை ரவுண்டானாவை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். கடை திறக்கப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஓரமாக நின்று, "பிரேக்கைப் பிடிம்மா!" என்று கத்தினார்.

"பிடிச்சா விழுந்துடுவேங்க!"

"பிடிக்காட்டி எப்படி நிறுத்துவே?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்!"

கடைசியில் தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றாள். கடிதம் போட வந்த பெரியவர் ஒருவர், ரொம்ப நாள் பழக்கம்போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, மரியாதையாகக் காத்திருந்தார். ஆனாலும் நாத்தனார் விடாப்பிடியான ஆள். கிளம்புகிற வாரத்துக்குள் தன் அண்ணிக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றி, 'ஐயோ' என்று ஒரு சத்தம் போட்டு நிறுத்துகிற அளவுக்குப் பழக்கிவிட்டாள். 'ஐயோ' பயிற்சியில் சேர்த்தி இல்லை. அது தானாக வந்தது.

குழுவில் இவர்கள் இருவரைத் தவிர ஒரு பல் டாக்டரும், கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன ஒரு ஜோடியும் இருந்தார்கள். பல் டாக்டர் வெடவெடவென்று ஒல்லியாக இருந்தார். யாரைப் பார்த்தாலும் பார்வை முதலில் வாய்க்குப் போகும். மாப்பிள்ளைப் பையன் புத்தம்புது ஹெல்மெட்டில் பளபளத்தான். புதுப்பெண் அவன் பக்கமே திரும்பவில்லை.

கடற்கரைச் சாலையில் முதல் ஒரு மணி நேரம் சொர்க்கமாகத்தான் இருந்தது. அப்புறம் சாலை கடலை விட்டு விலகி மலைமேல் ஏறத் தொடங்கியது. எதிர்க்காற்று வேறு. ரூட்டக்கா தன் வாழ்நாளில் எத்தனையோ முறை எழுதிய கடலின் நீலம் இடப்பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். அவள் பார்த்ததெல்லாம் முன்சக்கரத்தையும் அதன்மேல் சொட்டிய தன் வியர்வையையும்தான். வளைவு ஒன்றைத் தாண்டினால் இன்னொரு வளைவு. அதைத் தாண்டினால் முதல் வளைவின் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். நாக்குத் தள்ளியது. பின்னாலிருந்து நாத்தனார் விசில் ஊதிக்கொண்டே வந்தாள்.

"இன்னொரு தடவை ஊதினே, உன் அண்ணன்கிட்ட சொல்லி உன்னைப் போர்ஷனைக் காலி பண்ண வெச்சிடுவேன்" என்று ரூட்டக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

மேட்டின் பாதியில் பல் டாக்டர் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து வழிக்குறிப்புத் தாளை எடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் படித்தார். "'இ-த-மா-ன ஏற்றம்.' இதை எழுதின ஆளை என் நாற்காலியில உக்கார வெச்சு, மரத்துப்போக ஊசி போடாம ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கணும். பிடுங்கிட்டு, இதமா இருக்கான்னு கேக்கணும்."

ரூட்டக்காவின் நாக்கு தானாகக் கடைவாய்ப் பக்கம் போனது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதுபோல் ஒரு பிரமை. "ஆமா டாக்டர்," என்றாள் அவசரமாக. "யாரோ பொறுப்பில்லாத ஜென்மம்."

"ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு எழுதியிருக்கும்" என்றார் டாக்டர்.

"அந்த ஃபேனும் சரியா ஓடாது" என்று வாய் விட்டுவிட்டாள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. நாத்தனார் மட்டும் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதுப்பெண் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தாள். அவள் கேட்டது கடலைப் பார்த்த அறையும் கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டிலும். மாப்பிள்ளை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் என்ன பண்றது? பேப்பர்லயே போட்டிருந்துச்சே," என்று அவன் மன்றாடினான். "'புதுமணத் தம்பதியருக்கு மிகவும் உகந்தது'ன்னு."

ரூட்டக்கா குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். அந்த வரி அவளுடையதுதான். ஒரு மழைநாளில், பத்தி சற்றுச் சின்னதாக இருக்கிறதே என்று அதைச் சேர்த்தது நன்றாக நினைவிருந்தது.

அன்று மாலை விடுதிச் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளெல்லாம் காலியாகக் கிடக்க, எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். உட்காரும் நிலையில் யாரும் இல்லை. விடுதிக்காரம்மாவுக்கு இது பழகிப்போனது போலும். ஒன்றும் கேட்காமல் சூப்பை உயரமான மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ரூட்டக்கா வாசலுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

"எங்க வலிக்குது?"

"எங்க வலிக்கலன்னு கேளுங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்."

மறுநாள் காட்டுப் பள்ளத்தாக்கு. இங்கே ஏற்றம் குறைவு. மரங்கள் இருபுறமும் கவிந்து நின்றன. ஓடை ஒன்று தண்ணீர்ச் சத்தத்தோடு கூடவே வந்தது. ஈர மண்ணும் இலையும் மணத்தன. முதல்முறையாக ரூட்டக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தான் எழுதியது அத்தனையும் பொய்யில்லை என்று தோன்றி, மனசு கொஞ்சம் ஆறியது. அந்த நேரம் பார்த்துத்தான் மாடுகள் தென்பட்டன.

"'ஓடையைக் கடந்ததும் மாடுகள் நிற்கும் இடத்தில் வலப்பக்கம் திரும்பவும்'" என்று டாக்டர் படித்தார். "பரவாயில்லையே, இது ஒண்ணாவது சரியா இருக்கு."

வலப்பக்கம் திரும்பினார்கள். மாடுகள் அன்று எந்தக் காரணத்தாலோ வேறிடத்தில் மேயப் போயிருந்தன என்பது யாருக்கும் தெரியவில்லை. பாதை குறுகியது. பிறகு சேறானது. பிறகு ஒரு மரக்கிடங்கின் முற்றத்தில் போய், தன் கடமை முடிந்ததுபோல் நின்றுவிட்டது. கிடங்குக்குள் அறுத்த பலகைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஆள் யாரும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஐந்து பேரும் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

"மாட்டை அடையாளம் வெச்சு வழி சொல்ற மூளை எப்படிப்பட்ட மூளையா இருக்கும்?" என்று டாக்டர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

நனைந்து, நடுங்கி, பொறுமையின் விளிம்பில் நின்றிருந்த நாத்தனார் திரும்பி, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே அண்ணி, மாடு நடக்கும், மாத்தி எழுதுங்கன்னு!" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டாள். ஊதவில்லை.

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ரூட்டக்காவைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார். ரூட்டக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்களா?" என்றாள் புதுப்பெண்.

மூடிய வாயோடு ரூட்டக்கா தலையை ஆட்டினாள்.

"'புதுமணத் தம்பதியருக்கு உகந்தது'?"

"பத்தி சின்னதா இருந்துச்சும்மா" என்றாள். "நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. வேன்ல போறவர் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினேன். எனக்கு சைக்கிள்ல இருந்து இறங்கவே போன வாரம்தான் தெரியும்."

முதலில் சிரித்தது புதுப்பெண்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், பலகை அடுக்கில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாளாக அவளிடமிருந்து ஒரு சொல்கூட வாங்காத மாப்பிள்ளையும் பயந்து பயந்து கூடச் சேர்ந்துகொண்டான். டாக்டர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து ரூட்டக்காவிடம் நீட்டினார்.

"எழுதுங்க."

"என்ன டாக்டர்?"

"எல்லாத்தையும் மறுபடி எழுதுங்க. நாங்க சொல்றோம்."

மழை விடும்வரை அந்தக் கிடங்கில் நடந்ததை ஒரு கச்சேரி என்றுதான் சொல்ல வேண்டும். நேற்றைய மேட்டிலிருந்து தொடங்கினார்கள். "'இது இதமான ஏற்றம் அல்ல. இதம் இருந்த இடமே தெரியாது'ன்னு போடுங்க" என்றார் டாக்டர். "'இரண்டாவது வளைவில் அழுகை வரும். வரட்டும்'" என்றாள் புதுப்பெண். "'உட்கார நல்ல கல் ஒன்று உண்டு. கணவர் சமாதானம் பேச வந்தால் உடனே பதில் சொல்ல வேண்டாம்.'"

"இதெல்லாம் எதுக்கு எழுதணும்?" என்றான் மாப்பிள்ளை.

"வர்ற பொண்ணுங்களுக்கு உபயோகமா இருக்கும்."

'உடன் வருபவரிடம் விசில் இருந்தால் கிளம்பும்போதே பறிமுதல் செய்யவும்' என்று ரூட்டக்கா தானாகச் சேர்த்ததை நாத்தனார் ரோஷத்தோடு ஏற்றுக்கொண்டாள். ரூட்டக்கா எழுத எழுத, தாளின் ஓரமெல்லாம் நிரம்பி, டாக்டருடைய மருந்துச்சீட்டுக் கட்டில் எழுத்து தொடர்ந்தது. தாளில் இருந்த மாட்டை அடித்துவிட்டு, வரும் வழியில் பார்த்த பாலத்தை நினைவுபடுத்திக்கொண்டு, 'இடிந்த பாலத்துக்கு எதிரே வலப்பக்கம்' என்று எழுதினாள். அதை உறுதி செய்துகொள்ளச் சேற்றில் திரும்பிப் போய், பாலத்தைக் கையால் தொட்டும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் கணவாய். கம்பெனியின் பாதைகளிலேயே உயரமான இடம். வேன்காரர் கணக்கில் இரண்டாவது கியர். கொஞ்ச தூரம் ஓட்டி, கொஞ்ச தூரம் தள்ளி, தள்ளும்போது திட்டி, திட்ட மூச்சில்லாதபோது சும்மா நடந்து, ஐந்து பேரும் ஒரு கூட்டுக்குடும்பம்போல் மேலே வந்து சேர்ந்தார்கள். உச்சியில் காடு சட்டென்று முடிந்தது. கீழே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தணிந்து தணிந்து கடலில் போய் இறங்கின. இதை எப்படி எழுதுவது என்று வழக்கம்போல் ரூட்டக்காவின் மனசு வார்த்தை தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் இறக்கம். 'கவனமாக இறங்கவும்' என்று ஒரே வரியில் அவள் எழுதிவிட்டுப் போன இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் தானாகச் சாய்ந்தது, தானாக நிமிர்ந்தது. காற்று காதுக்குள் புகுந்து கத்தியது. பயத்தில் கத்தத்தான் அவள் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு ஏதோ சத்தம். தன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே புதிது. முன்னால் போன டாக்டர், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். அவருடைய நோயாளிகள்கூட அப்படிக் கத்தியதில்லையாம். பிற்பாடு அவரே சொன்னார்.

அலுவலகம் திரும்பியதும் முதலாளி புதுக் குறிப்பை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் போன போக்கைப் பார்த்து ரூட்டக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"'கணவாய்க்கு முன்னால் உள்ள மேட்டில் இந்தக் கம்பெனியைத் திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டலாம், கேட்க ஆளில்லை.' என்னம்மா இது? இதைப் படிச்சுட்டு எவன் வருவான்?"

"வர்றவங்க சைக்கிளைக் கொண்டுவந்து என் மேசைமேல வைக்கமாட்டாங்க சார்."

முதலாளி ரொம்ப நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். சுவரில் ஒட்டும் போஸ்டரில் பழைய எழுத்து, கையில் கொடுக்கும் தாளில் புது எழுத்து. ஆள் பிடிக்கப் பழசு, ஆளைக் காப்பாற்றப் புதுசு. நேர்மை பாதி, வியாபாரம் பாதி என்று ரூட்டக்காவும் ஒப்புக்கொண்டாள். வேன்காரர் மட்டும் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "என் வண்டிக்கு அது ஏத்தமே இல்லம்மா" என்று கடைசிவரை சாதித்தார்.

அந்தத் தாளுக்காகவே வருகிறவர்கள் சிலர் உண்டானது யாரும் எதிர்பாராதது. அழுகை வரும் என்று குறிப்பிட்டிருந்த வளைவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். புதுப்பெண் தன் தங்கையையும் தங்கை புருஷனையும் அனுப்பி வைத்தாள். நல்லெண்ணத்தில் அனுப்பினாளா என்பது தெரியவில்லை. பல் டாக்டர் வருடா வருடம் வந்தார். ரூட்டக்காவுக்கு ஒரு பல் வலி வந்தபோது அவரிடமே போனாள். ஊசி போட்டுத்தான் பிடுங்கினார்.

இப்போதெல்லாம் புதுப் பாதை எதுவானாலும் அவள் ஓட்டிப் பார்க்காமல் எழுதுவதில்லை. நாத்தனார் லீவு போட்டுவிட்டுக் கூட வருவாள். வீட்டுக்காரர் கடையில், 'வெயிலுக்கும் காற்றுக்கும்' என்று ஒரு கண்ணாடி வரிசை புதிதாக வந்திருக்கிறது. அதை முதலில் போட்டுப் பார்த்து, மூக்கில் நழுவுகிறது என்று திட்டியவளும் அவள்தான்.

போன பருவத்தில் ஒருநாள், வடக்குப் பள்ளத்தாக்கில் ஒரு மேட்டில் அவளும் நாத்தனாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு நடுவயதுப் பெண் கம்பெனி சைக்கிளோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"அக்கா, உச்சி இன்னும் ரொம்ப தூரமா?"

ரூட்டக்காவுக்கு உண்மை தெரியும். முந்தின நாள்தான் அந்த மேட்டைப் பற்றி இரக்கமே இல்லாமல் எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"இதோ வந்துடுச்சும்மா," என்றாள். "அந்த வளைவுதான்."

அந்தப் பெண் நம்பி எழுந்தாள். வளைவு வந்தது. அதற்கு அப்பால் சாலை இன்னும் செங்குத்தாக ஏறியது. அவள் ரூட்டக்காவைத் திரும்பிப் பார்த்த பார்வையை எந்தத் தாளிலும் எழுத முடியாது. ரூட்டக்கா தன் சைக்கிளை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணுடைய சைக்கிளின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள். மூன்று பேரும் வழியெல்லாம் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். ரூட்டக்காதான் அதிகம் திட்டினாள்.